ஏழு கல் தோடும் எலுமிச்சம்பழமும்

கிழக்குத் தாம்பரத்தில் சேலையூரை ஒட்டிய ஒரு தெருவில் வசிக்கும் என் அக்கா, தன் கணவருக்குப் பீமரத சாந்தி நிச்சயமானதும், அழைப்பிதழில் போடுவதற்கு இருவருக்கும் நல்ல புகைப்படம் வேண்டுமென்று சொல்லி, பீரோவின் உள்ளறையிலிருந்து எங்கள் தாயார் போட்ட ஏழு கல் வைரத்தோட்டை எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் துலக்கி அணிந்துகொண்டு, ஒரு மாலை வேளையில் வாசல் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். படமெடுத்தவன் அவளுடைய மகன். முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களிலும், மற்ற நாள்களில் வண்டலூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையே மர நிழலும் ஏரிக்கரையும் தேடி மணமக்களை நிற்கவைத்துப் படமெடுப்பதிலும் பழக்கப்பட்டவன்.

படம் மிக நன்றாக வந்திருந்தது. இமை ரோமங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னணியிலிருந்த தெருவோ, கம்பியும் கம்பமும் குப்பைத்தொட்டியும் நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களும் இருந்த இடம் தெரியாமல், மோர்க்களி போல ஒரே மென்மையாகக் குழைந்து கிடந்தது. தெருக்கோடி மாவு மில்லின் வாசல் விளக்குகள் வட்ட வட்டமான சிறு நிலவுகளாக மிதந்தன. அக்கா இவை எதையும் பார்க்கவில்லை.

“இது என்னடா? காதுல தோடு போட்டிருக்கேனா, கற்பூரம் ஏத்தி வெச்சிருக்கேனா? ஏழு கல்லும் எங்க போச்சு?”

“அதாம்மா ஸ்டைலு. பேக்ரவுண்ட் ப்ளர்.”

“பேக்ரவுண்டுன்னா பின்னாடி இருக்கறது. காது என் தலையிலதானே இருக்கு?”

அவன் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க சொல்லுங்க” என்று நழுவிவிட்டான். கல்லூரியில் முப்பது வருஷம் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், அக்காவின் கேள்வி அவள் மகனுடைய பதிலைவிட எவ்வளவோ மேலான கேள்வி என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னணி என்பது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? அப்படி ஆரம்பித்து மங்கிப்போகிற வெளிச்சம், கண்டபடி சிந்திய மையைப்போல் தாறுமாறாகப் பரவாமல், அச்சில் வார்த்தாற்போல் வட்டமாக நிற்பானேன்?

முதலில் அந்தக் கருவி. காமிராவில் அவன் மாட்டியிருந்தது, தொழிலில் இருப்பவர்கள் ‘எயிட்டி ஃபைவ்’ என்று செல்லமாகச் சொல்லும் 85 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸ். வளையத்தைத் திருகிக் காட்சியை அருகே இழுக்கவோ தள்ளவோ முடியாதபடி ஒரே குவியத் தூரத்தோடு நிற்பதால், தமிழில் அதை ஒற்றைக்குவிய வில்லை எனலாம். அருகே இழுக்க விரும்புகிறவன் தன் காலால்தான் நடந்துபோக வேண்டும். அதன் நெற்றியில் 1.8 என்று ஓர் எண்ணும் பொறித்திருக்கிறது. வில்லையின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் குறிக்கும் இந்த எண்ணில், எண் பெருகப் பெருக வாய் சுருங்கும் என்ற விதி புதிதாகக் கற்பவர்களைக் குழப்புவது வழக்கம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கீழ்வாய் இலக்கம் படித்தவர்களுக்கு இதில் குழப்பமே இராது. எஃப் 4 என்றால் வாயின் அகலம் குவியத் தூரத்தில் கால் பங்கு. எஃப் 8 என்றால் அரைக்கால். எஃப் 16 என்றால் வீசம். எஃப் 1.8 என்பது அரைப் பங்குக்கும் சற்று அதிகம். 85 மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 47 மில்லிமீட்டர், அதாவது ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தின் குறுக்களவு. இந்த எலுமிச்சம்பழத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் விஷயம் முழுவதும் அதைச் சுற்றியே உருளுகிறது.

அக்காவின் கண்ணிலிருந்து ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியிலிருந்து ஒளிக்கிரணங்கள் எல்லாத் திசையிலும் புறப்பட்டாலும், காமிராவுக்குள் போகிறவை வில்லையின் வாயில் விழுகிறவை மட்டுமே. ஆகவே அவை, கண்ணில் கூர்முனையும் வில்லையில் எலுமிச்சம்பழ அகலமுள்ள வாயுமாக, கவிழ்த்த புனலைப் போன்ற ஓர் உருவத்தை அடைகின்றன. இந்தப் புனலில் அடங்கிய கிரணங்களையெல்லாம் வில்லை திரும்பவும் ஒரே புள்ளியாகக் கூட்டித் தகட்டில் சேர்க்கிறது. கண் தெளிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம். காமிராவைக் கண்ணுக்கு இலக்கு வைத்தாயிற்று என்றால், கண் இருக்கும் தூரத்தில், அதாவது இரண்டு மீட்டரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிச் சுவர் செங்குத்தாக நிற்பதாகவும், அந்தச் சுவரில் எது எப்படி விழுகிறதோ அதை அப்படியே காமிரா பிரதி எடுப்பதாகவும் பாவித்துக்கொள்ளலாம்.

இப்போது வெகு தூரத்திலுள்ள ஒரு விளக்கைப் பார்ப்போம். அதன் கிரணங்களும் அதே எலுமிச்சை அகல வாயில்தான் நுழைந்தாக வேண்டும். ஆனால் விளக்கு தொலைவில் இருப்பதால் அவை புனலாகக் குவியாமல், அநேகமாகச் சம அகலமுள்ள ஒரு குழாயாக வருகின்றன. அந்தக் குழாய் நம் கற்பனைச் சுவரைக் கடக்கும்போது சுவரில் விழுவது புள்ளியல்ல, ஒரு வட்டம். அதன் அகலமும் எலுமிச்சம்பழமே. ஆகவே படத்தில் அந்த விளக்கு, அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மாவு மில் 20 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே குழாய் சற்றுக் கூம்பி 42 மில்லிமீட்டர் ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி ஒரு புள்ளி வட்டமாக விரிவதை மயங்கு வட்டம் என்று அழைக்கலாம்.

சாமானிய ஜனங்கள் நினைப்பதுபோல் பின்னணியைக் காமிரா அழிப்பதில்லை. அழிப்பதற்குப் பதிலாக, எலுமிச்சம்பழ அகலமுள்ள ஒரு தூரிகையால் அதைத் திரும்ப எழுதுகிறது. மில்லின் பெயர்ப்பலகையில் ஓரடி உயரத்தில் எழுத்துகள் இருக்கின்றன. பத்து மடங்கு தூரத்தில் இருப்பதால் அவை நம் சுவரில் 3 சென்டிமீட்டர் எழுத்துகளாகச் சிறுக்கின்றன. மூன்று சென்டிமீட்டர் எழுத்தை நாலு சென்டிமீட்டர் தூரிகையால் எழுதினால் என்ன ஆகும் என்பதை, வெள்ளையடிக்கும் மட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அக்காவின் தோட்டுக்கும் இதே நியாயம்தான். நேராகக் காமிராவைப் பார்த்து உட்கார்ந்தவரின் காதுமடல், கண்ணுக்குப் பின்னால் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் புனல் சுவரைத் தாண்டும் இடத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் அகலமாகிவிடுகிறது. தோட்டின் கல் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் இருக்கலாம். அந்த 3 மில்லிமீட்டர்க் கல்லை 2 மில்லிமீட்டர்த் தூரிகையால் சுற்றிலும் தீட்டினால் அது பக்கத்துக் கல்லின் எல்லைக்குள் போய்விடுகிறது. ஏழும் ஒன்றாகிக் கற்பூரம் எரிகிறது. கண்ணுக்கு முன்னும் பின்னும் சுமார் மூன்று சென்டிமீட்டர் வரையில்தான் இந்த விரிவு நம் பார்வை கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். அந்த ஆறு சென்டிமீட்டரைத் தெளிவாழம் என்று சொல்லலாம். பின்னணி, ஆகையால், தலைக்குப் பின்னால் ஆரம்பிப்பதில்லை, கன்னத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த வட்டம் வில்லை வாயின் பிம்பம்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று என் மருமானிடம் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் வழி தெரிந்திருந்தது. எழுதுபொருள் கடையில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வாங்கி, வட்டமாக நறுக்கி, நடுவில் பிளேடால் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு நட்சத்திரத் துவாரம் வெட்டி, ரப்பர் பேண்டால் வில்லையின் வாயில் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினோம். வேளச்சேரி சாலையில் விளக்குப் போட்டு ஊர்ந்துகொண்டிருந்த பஸ்களும் ஆட்டோக்களும், மாடியிலேயே கைக்கெட்டும் தூரத்திலிருந்த கொடிக்கயிற்றுக்கு இலக்கு வைத்தவுடன், ஒன்று தவறாமல் நட்சத்திரங்களாகிவிட்டன. சதுரமான சைன்போர்டு விளக்கும் நட்சத்திரம், உருண்டையான தெருவிளக்கும் நட்சத்திரம். அட்டையைத் திருகினால் நட்சத்திரங்கள் எல்லாம் ஒருசேரத் திரும்பின. அட்டையை எடுத்துவிட்டதும் மறுபடி வட்டங்கள். படத்தின் ஓரங்களில் மட்டும் அவை பாதாங்கொட்டை வடிவில் ஒடுங்கியிருந்தன. இரண்டு வளையல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து நேரே பார்த்தால் வட்டமாகவும், சாய்ந்து பார்த்தால் நடுவில் பாதாம் வடிவ இடைவெளியாகவும் தெரிவதைப்போல், வில்லைக் குழாயின் முன்விளிம்பும் பின்விளிம்பும் சாய்ந்து வரும் கிரணங்களைச் சீவிவிடுவதே அதன் காரணம்.

காமிரா இல்லாதவர்களுக்கும் இந்தப் பரீட்சைக்கு வழி இருக்கிறது, கிட்டப்பார்வை என்னும் பாக்கியம் இருந்தால். நான் அந்தப் பாக்கியசாலி. மழை நாளில் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றும்போதெல்லாம், ஜி.எஸ்.டி. சாலையின் சிவப்பு விளக்குகள் தளும்பும் தட்டுகளாக விரிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றும் என் கண்மணியின் துவாரத்தினுடைய பிம்பமே. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியே பார்த்தால் தட்டுகள் சுருங்கி, கண்ணாடி இல்லாமலே பஸ்ஸின் எண்ணைக்கூட வாசித்துவிடலாம்.

இங்கே ஓர் ஆச்சரியத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அக்கா உட்கார்ந்திருந்த அதே புங்கமரத்தடியில், நடுப்பகலில் தரையைப் பார்த்தால் அங்கும் வட்ட வட்டமாக வெயில் சிந்திக் கிடக்கும். இலைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் முக்கோணமாகவும் கோணல்மாணலாகவும் இருக்க, தரையில் விழும் வெயில் மட்டும் வட்டமாவது ஏன் என்ற கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாத் தொகுப்பிலேயே இருக்கிறது. அதற்குத் திருப்தியான சமாதானம் சொன்னவர் யோஹான்னஸ் கெப்ளர். 1600-ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தைத் துவாரத்தின் வழியே விழுந்த பிம்பத்தில் அளந்தபோது எழுந்த சந்தேகங்களைத் தீர்க்க, அவர் கருவி ஏதும் தேடாமல் ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்து, அதைச் சூரியனாகப் பாவித்து, பல மூலைகளுள்ள துவாரம் வெட்டிய பலகையைக் கீழே நிறுத்தி, புத்தகத்தின் மூலையில் கட்டிய நூலைத் துவாரத்தின் விளிம்பெல்லாம் உரசும்படி சுற்றித் தரையில் கோடு போட்டார்; மூலைக்கு மூலை நூலை மாற்றிக் கட்டி அப்படியே செய்தார். ஒவ்வொரு மூலையும் துவாரத்தின் வடிவத்தை எழுதிற்று. அத்தனை வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து திரண்டபோது தரையில் நின்றதோ புத்தகத்தின் வடிவம். 1604-ல் அச்சான அவருடைய ஒளியியல் நூலில் இந்த நூல் விளையாட்டு இருக்கிறது.

ஆகவே எந்த ஒளித்திட்டிலும் இரண்டு உருவங்கள் கலந்திருக்கின்றன: ஒளியின் உருவம் ஒன்று, துவாரத்தின் உருவம் ஒன்று. எது பெரிதாக விழுகிறதோ அது ஜெயிக்கிறது. மரத்தடியில் துவாரம் சிறிது, சூரியனின் பிம்பம் பெரிது. ஆதலால் சூரியன் தெரிகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் சென்னையில் பகுதி கிரகணம் பிடித்தபோது மரத்தடி வட்டங்களெல்லாம் பிறைகளாக மாறியதை, மேலே பார்க்கப் பயந்து கீழே பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள். படத்தின் பின்னணியிலோ விளக்கு சிறிது, வில்லை வாயின் தடம் பெரிது. ஆதலால் வாய் தெரிகிறது. இன்னொரு வேடிக்கை: சூரிய பிம்பம், துவாரத்திலிருந்து தரைக்குள்ள தூரத்தில் ஏறக்குறைய நூற்றேழில் ஒரு பங்கு அகலமாக விழும், கிளை ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்து சூரியனும் உச்சியில் இருந்தால் அது சுமார் 47 மில்லிமீட்டர். அதே எலுமிச்சம்பழம்! இது வெறும் தற்செயல்தான்; ஆயினும் டேப்பை வைத்து அளந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

இத்தனை அகலமான வாயை மனிதன் ஏன் செய்தான் என்றால், மங்கலுக்காக அல்ல, அவசரத்துக்காக. 1839-ல் தாகெர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது இருந்த வில்லைகள் மிகக் குறுகிய வாயுள்ளவை. முகத்தைப் படமெடுக்க நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்ததால், பின்னந்தலையை இரும்புக் கவையில் சாய்த்து நிறுத்துவார்கள். மறுவருஷமே வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர், கணக்கில் தேர்ந்த பீரங்கிப்படை வீரர்களைத் துணைக்கு வைத்துக் கணித்து, பத்து மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை வாங்கும் வில்லையை வகுத்தார்; முகப்படத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த முதல் வில்லை அதுதான். அகன்ற வாயுள்ள வில்லையை இன்றைக்கும் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்று சொல்வது இந்த வேகத்தைக் குறித்தே. நான் அகல்வாய் வில்லை என்பேன். மங்கல் அன்று பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு குறையாகவே கருதப்பட்டது. அதை ரசிப்பதற்கு ஜப்பானியர் ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். 1997-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதை உலகுக்கு அறிமுகம் செய்தது. ‘பொக்கே’ என்பது அந்தச் சொல். மண்டபத்தில் மருமான் தன் சிநேகிதனிடம் “பொக்கே பிரமாதம்” என்று சொன்னதை, மேடையில் கொடுக்கும் பூச்செண்டைப் பற்றியதென்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஜப்பானில் அந்தச் சொல் முதுமையில் வரும் புத்தி மங்கலையும் குறிக்குமாம். ஆக, என் பிழை அவ்வளவு பெரிதல்ல.

அவசரத்துக்குப் பிறந்த வாய் தாம்பரத்து வெயிலில் அளவுக்கு மீறிவிடுகிறது. நல்ல வெயிலில் எஃப் 16-க்கு நூறில் ஒரு விநாடி போதுமென்பது பழைய கைக்கணக்கு. எஃப் 1.8-ல் வாயின் பரப்பு ஏறக்குறைய எண்பது மடங்கு. ஆகவே எண்ணாயிரத்தில் ஒரு விநாடிக்குள் கதவு திறந்து மூடியாக வேண்டும். பல காமிராக்களின் கதவு நாலாயிரத்தோடு நின்றுவிடும் என்பதால், தொழிலில் இருப்பவர்கள் வில்லைக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறார்கள். வெளிச்சத்தின் திசையும் அனுகூலமாயில்லை. பதின்மூன்றாம் பாகைக்கு அருகிலுள்ள நமக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் சூரியன் நட்ட நடு உச்சியில் நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்குழியை நிரப்பி, எப்பேர்ப்பட்ட அழகியையும் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவளாக்கிவிடும். அஸ்தமனத்துக்குப் பின்வரும் நல்ல வெளிச்சமோ இங்கே இருபது நிமிஷத்துக்குச் சற்று அதிகம்; அதற்குள் நாற்காலியை நகர்த்த வேண்டும், புடவை மடிப்பைச் சரிசெய்ய வேண்டும், ஈ ஓட்ட வேண்டும்.

அக்கா கையிலிருந்த போனைக் காட்டி, இதில் எடுத்தால் தோடும் தெரியும், பின்னால் மங்கலாகவும் வருமே என்றாள். போனின் வில்லை வாய் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், கொத்தமல்லி விதை. அந்தத் தூரிகையால் மாவு மில்லை மறைக்க இயலாது. ஆகவே அது, நம் இரு கண்களைப்போல் அடுத்தடுத்த இரண்டு வில்லைகளால் பார்த்தோ, ஒரே வில்லையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒப்பிட்டோ, எது எவ்வளவு தூரம் என்று ஊகித்துக்கொண்டு, பிறகு கணக்கால் மங்கலைத் தீட்டுகிறது. 2016, 2017 வருஷங்களிலிருந்து இந்த வித்தை பரவியது. காதோரத்து நரைமயிர் நாலை அது பின்னணியென்று நினைத்துக் கரைத்துவிட்டதை எடுத்துக்காட்டினேன். “போகட்டும், நரைதானே” என்றாள்.

கடைசியில் மறுநாள் மாலை அதே நாற்காலி, அதே இரண்டு மீட்டர். இந்தத் தடவை வாயை எஃப் 5.6-க்குச் சுருக்கச் சொன்னேன். துவாரம் 15 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழம் சுண்டைக்காயாயிற்று. காதில் விரிவு முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிற்று. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழுக்கு வந்தாள். பிறகு இன்னொரு காதுக்குப் போனாள்.

சுண்டைக்காய்த் தூரிகை மூன்று சென்டிமீட்டர் எழுத்தை மறைக்காது. அக்காவின் தோளுக்கு மேலே, சற்றே சிரமப்பட்டால் வாசிக்கும்படியாக, ‘இங்கு மாவு அரைத்துத் தரப்படும்’ என்று நின்றது. மருமான் தலையில் கையை வைத்துக்கொண்டான். அந்தப் படம்தான் அழைப்பிதழில் அச்சாயிற்று. மில்காரர் நேரில் வந்து பத்து அழைப்பிதழ் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.